அச்சில் வராத அரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் மாமனாரின் மாத்திரை அட்டவணையை அச்சுக்குக் கொடுத்தாள். பிரிண்டர் வழக்கம்போல் இரண்டு முறை முனகிவிட்டு ஒரு தாளைத் துப்பியது. எடுத்துப் பார்த்தால் கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது. வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள், என்னவென்றே தெரியாத சுழிகள், நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 1, 2 என்ற எண்கள் மட்டும் பளிச்சென்று.

மறுபடி கொடுத்தாள். மறுபடி அதே பேய் எழுத்து. மூன்றாவது முறை தாள் வரிசையே மாறி, ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வரியாக ஐந்து தாள்கள் வந்து தரையில் விழுந்தன.

இத்தனை நாளும் அட்டவணையில் மாத்திரைப் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருந்தன. மாமனாருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது, அந்தச் சின்னச் சின்ன ஆங்கில எழுத்தோடு அவர் மல்லுக்கட்ட வேண்டாம் என்று இந்த வாரம் எல்லாவற்றையும் தமிழில், கொட்டை எழுத்தில் அடித்திருந்தாள். 'ரத்தம் உறையாமல் இருக்க', 'அழுத்தத்துக்கு', 'தூக்கத்துக்கு' என்று. நல்லது செய்யப் போனால் இப்படி.

"என்னங்க, கொஞ்சம் வாங்களேன். இது என்னமோ உளறுது."

கணவன் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக். உடன் வேலை செய்பவர்கள் அவனை 'ஸ்க்ரூ' என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டுப்போன எதைக் கண்டாலும் அவனுக்கு முகம் மலர்ந்துவிடும்.

"மெஷின் மேல பழி போடாத. எங்கயோ நடுவுல அறுந்திருக்கும். இரு, முகத்தைக் கழுவிட்டு வர்றேன்."

கூடத்தில் மாமனார் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மின் நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் கொதிகலன் ஆபரேட்டராக இருந்தவர். காலை ஏழரைக்கு அவர் கையிலிருந்து தேநீர்த் தம்ளர் நழுவி விழுந்திருந்தது. இவள்தான் துடைத்தாள். "இடது கை மரமரங்குதும்மா" என்றார். "ராத்திரி பூரா அந்தப் பக்கமே படுத்திருப்பீங்க மாமா" என்று சொல்லிவிட்டு வேறு தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. அவர் எப்போதுமே அதிகம் பேசுகிறவர் இல்லை என்பதால் அது யாருக்கும் உறைக்கவுமில்லை.

கணவன் வேலையில் இறங்கினான். முதலில் கணினியிலிருந்து வரும் கேபிளை உருவினான். பிரிண்டரின் பச்சைப் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தான். அது தன்னைத் தானே சோதித்து ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அவ்வளவு சுத்தம்.

"பாத்தியா? இவன் நல்லவன். இவனுக்கு யாரோ தப்பாச் சொல்லிக் குடுக்கறாங்க."

அடுத்து கேபிளை மாற்றினான். பழைய கேபிள்கள் போட்டு வைத்த பையிலிருந்து ஒன்றைத் தேடி எடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. மாற்றியும் அதே பேய் எழுத்துதான். பிறகு லேப்டாப்பில் அச்சுக்குக் காத்திருந்த வேலைகளைத் திறந்து பார்த்தான். அவன் கேபிள் தேடிய நேரத்தில் அவள் திரும்பத் திரும்பக் கொடுத்ததெல்லாம் வரிசையில் ஏழாக நின்றன. எல்லாவற்றையும் அழித்து, இரண்டையும் அணைத்துப் போட்டான். மறுபடியும் உளறல்.

"சரி, சின்னதா ஒண்ணு அடிப்போம்."

வெற்றுப் பக்கத்தில் LIFT 1 2 3 என்று தட்டினான். அச்சு பிசகில்லாமல் வந்தது. கீழே 'அம்மா' என்று தட்டினான். வெறும் கேள்விக்குறிகள்தான் வந்தன.

"ஓஹோ!" தொடையில் தட்டிக்கொண்டான். "இங்கிலீஷும் நம்பரும்தான் இதுக்குத் தெரியுது. தமிழ் தெரியல."

"போன மாசம் பூரா தமிழ்ல அடிச்சேனே. என் லீவு லெட்டர், அந்த வாடகை ஒப்பந்தம் எல்லாம் வந்துச்சே."

"அது பழைய லேப்டாப்புல." சொல்லும்போதே அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. அமைப்புகளைத் திறந்து பார்த்தான். பிரிண்டரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர்களுடைய மாடல் பெயர் இல்லை. மொட்டையாக 'பொது' என்கிற மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

"போன சனிக்கிழமை புது லேப்டாப்புல இத ஏத்தறப்போ நம்ம மாடல் பேரு லிஸ்ட்ல வரல. தேடித் தேடிப் பாத்தேன். மேட்ச் வேற ஆரம்பிச்சிருச்சு. பொதுவா ஒண்ணு இருந்துச்சு, எல்லாத்துக்கும் ஒத்து வரும்னு போட்டிருந்தான். அதையே போட்டுட்டேன். ஒரு டெஸ்ட் அடிச்சேன், இங்கிலீஷ் நல்லா வந்துச்சு. சரிதான்னு விட்டுட்டேன்."

"அப்போ இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் தவிர வேற எதுவுமே வராதா?"

"வராது. வெறும் தட்டச்சு மெஷின் மாதிரின்னு வெச்சுக்கோயேன். படம் வராது, கட்டம் வராது, கோடு வராது. ஒண்ணும் பயமில்ல. சரியானத இறக்கிப் போட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்." பிரிண்டரைத் திருப்பி முதுகில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் படிக்கக் குனிந்தான்.

கோடு வராது. அவள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அட்டவணை கோடில்லாமல்தான் வந்தது. மை தீர்ந்திருக்கும் என்று நினைத்து, ஸ்கேலும் பென்சிலும் எடுத்து அவளே கோடு போட்டாள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். அவள் ஒரு கூரியர் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறவள். அன்றைக்குக் கூடுதல் ஷிப்ட். பார்சல் வரவில்லை என்று எவரோ காது கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கோடு கிழித்தாள்.

"கோடு வராதுன்னா," என்றாள், "அரை வருமா?"

"என்ன அரை?"

"அரைன்னு போடுவோமே. மேல ஒண்ணு, சாய்கோடு, கீழ ரெண்டு. அந்தக் குறி."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். விசைப்பலகைக்கு வந்து அந்தக் குறியைத் தேடி எடுத்துப் போட்டான். அதற்கு இந்தப் பக்கம் ஒரு A, அந்தப் பக்கம் ஒரு B. அச்சுக்குக் கொடுத்தான். தாள் வந்தது. A இருந்தது. B இருந்தது. நடுவில் வெள்ளைத் தாள்தான் இருந்தது.

அவள் சமையலறைக்கு ஓடினாள். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்த போன வார அட்டவணையைப் பிடுங்கினாள். ரத்தம் உறையாமல் இருக்க மாமனாருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது: திங்கள், புதன், வெள்ளி மாலை ஒரு மாத்திரை, ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி அரை மாத்திரை. ஒன்று என்ற நாட்களில் 1 இருந்தது. பக்கத்தில் மாமனாரின் பென்சில் டிக். அரை என்ற நாட்கள் நான்கும் காலி. அவளே ஸ்கேல் வைத்து அழகாகக் கட்டம் கட்டிய நான்கு காலி இடங்கள். அவற்றில் டிக் இல்லை. ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு படுக்கைக் கோடு இருந்தது.

ஏழு நாளில் நான்கு நாள் அவர் அந்த மாத்திரையைத் தொடவில்லை.

காலையில் நழுவிய தம்ளரும் மரமரத்த கையும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன. கூடத்துக்கு வந்தாள். மாமனார் ஒன்பது மணிக்குப் பார்த்த அதே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ரெண்டு கையையும் தூக்குங்க. இப்படி, முன்னால."

அவர் தூக்கினார். வலது கை நின்றது. இடது கை யாரோ கீழே இருந்து இழுப்பது போல மெதுவாக இறங்கியது. அதைப் பார்த்து அவரே சிரிக்க முயன்றார். உதடு ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

"என்ன... ம்மா..." என்றார். வார்த்தை வாய்க்குள்ளேயே குழைந்தது.

"என்னங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் கணவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். அப்பாவை அப்படியே தோளில் தாங்கினான். அவள் அந்த அட்டவணையை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிரிண்டர் அணைக்கப்படாமல் அதன் பச்சை விளக்கோடு இருந்தது.

அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தார். கேள்விகளும் அதே மாதிரிதான் இறுக்கமாக வந்தன.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"ஏழரைக்கு. தம்ளர் விழுந்துச்சு. அப்போதான்" என்றாள் அவள்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பது. "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாரா?"

"ஆமா."

"ஒழுங்கா சாப்பிடறாரா? இது ரொம்ப முக்கியம். ஒழுங்கா சாப்பிட்டிருந்தா, கட்டியக் கரைக்கிற ஊசியை நான் போட முடியாது. ரத்தக் கசிவு ஆயிரும். டெஸ்ட் எடுக்கப் போறேன், ஆனா எனக்கு இப்பவே தெரியணும்."

கணவன் முந்திக்கொண்டான். "வயசாயிருச்சு டாக்டர். அப்பப்போ மறந்துருவாரு. நடுவுல விட்டிருப்பாரு போல."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். சக்கரக் கட்டிலில் படுத்திருந்த மாமனாருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கண் மேலே விளக்கில் நிலைத்திருந்தது. முப்பத்துநான்கு வருடம் மணிக்கொரு தரம் அழுத்தமும் வெப்பமும் பார்த்துப் பதிவேட்டில் எழுதியவரை, மறந்துவிடுகிறவர் என்று அவர் எதிரிலேயே அவர் மகன் சொன்னான். இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"மறக்கல டாக்டர்" என்றாள். கைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "இது நான் அடிச்சுக் குடுத்தது. பிரிண்டர்ல கோளாறு. அரைன்னு இருக்கிற இடமெல்லாம் அச்சுல விழல. நான் பாக்கல. இதுல என்ன இருந்துச்சோ அத அப்படியே சாப்பிட்டிருக்காரு. கடைசியா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒண்ணு. நேத்து இல்ல. வியாழன் இல்ல. செவ்வாய் இல்ல. போன ஞாயிறு இல்ல."

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. "இத நான் வெச்சுக்கறேன்" என்று மட்டும் சொல்லி, கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்.

கதவு மூடியதும் கணவன் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"இப்ப எதுக்கு அதெல்லாம் சொன்ன? மறந்துட்டாருன்னா முடிஞ்சுது. ஊசி போடப் போறாங்க, அவ்வளவுதானே!"

"எந்த நாள்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"நாளைக்கு அக்கா வந்து நிப்பா. எழுத்துல வேற குடுத்துட்ட. உன்னை, என்னை, ரெண்டு பேரையும் நாராக் கிழிச்சுத் தொங்கப் போடுவா."

"கிழிக்கட்டும். அதுக்காக மாமா தலையில போடறதா?"

அவன் அவள் முழங்கையை விட்டான். தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். தண்ணீர் பிடிக்கவுமில்லை.

ரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. மூளையின் வலது பக்கத்தில் ஒரு சின்ன ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. பதினொன்றரைக்கு ஊசி போட்டார்கள். "இன்னும் அரை மணி தள்ளியிருந்தா போட்டிருக்க மாட்டோம்" என்றார் டாக்டர் வெளியே வந்து. மாத்திரை விட்டதனால்தான் வந்ததா என்று அவள் கேட்டாள். "அப்படி நூத்துக்கு நூறு சொல்ல முடியாதும்மா. இவருக்கு இதயத் துடிப்பு சீரா இல்ல, அப்படி இருந்தா ஒழுங்கா சாப்பிடறவங்களுக்கும் வர்றதுண்டு. ஆனா விட்டது நல்லது இல்ல." ஆறுதலாக எடுத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. அவளும் எடுத்துக்கொள்ளவில்லை.

நாத்தனார் மறுநாளே வந்துவிட்டாள். அவள் பள்ளி ஆசிரியை. வராந்தாவில் நான்கு பேர் திரும்பிப் பார்க்க நிற்க வைத்துக் கேட்டாள்.

"பிரிண்டர் கெட்டுப்போச்சுன்னா கையால எழுதறதுக்கென்ன? கை என்ன கழண்டா விழுந்துரும்? ஒரு தாளக் குடுக்கறப்போ ஒரு தடவை படிச்சுப் பாக்க மாட்டியா? என் பசங்க பரீட்சைப் பேப்பரையே நான் ரெண்டு தடவை பாக்கறேன்."

"பாத்திருக்கணும் அண்ணி. பாக்கல."

எதிர்வாதம் வரும் என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தவளுக்கு அதற்குமேல் பேச்சு ஓடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சற்று நேரம் கழித்து, "சாப்பிட்டியா நீ?" என்று கேட்டாள்.

நான்காம் நாள் மாமனாருக்குப் பேச்சு ஓரளவு தெளிந்தது. இடது கை விரல்களை மடக்க முடிந்தது; இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. மாலை நேரம். கணவன் கீழே மருந்துக்கடைக்குப் போயிருந்தான், நாத்தனார் குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். இவள் கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று நாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். தினமும் நூறு பேரிடம் மன்னிப்புக் கேட்கிற வாய்தான். அன்றைக்கு முதல் வார்த்தையே வரவில்லை.

"மாமா... அந்தத் தாள்ல..."

"தெரியும்" என்றார். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைக்கிற மாதிரி பேசினார். "டாக்டர்கிட்ட... நீ சொன்னியே. கேட்டுச்சு."

"நான் பாக்காம விட்டுட்டேன் மாமா."

"நான் பாத்தேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"நீ தாள் குடுத்த ஞாயித்துக்கிழமையே பாத்தேன். கட்டம் காலியா இருந்துச்சு. மீட்டர் ஓடாத மணிக்கு நாங்க... கோடு போடுவோம். எழுத மறந்துட்டான்னு யாரும் சொல்லக்கூடாதுல்ல. அதான் போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா!"

"வந்தேன்மா. நீ காதுல அத மாட்டிக்கிட்டு யார்கிட்டயோ பேசிட்டிருந்த. அப்புறம்னு கை காட்டுன." அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னார், அவ்வளவுதான். "அப்புறம் கேக்கலாம்னு பாத்தேன். போன மாசம் ஒரு நாள், இந்த வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயான்னு கேட்டேன்ல? எல்லாம் கட்டத்துல இருக்கு மாமா, அதப் பாத்து சாப்பிடுங்கன்னு சொன்ன. சரி... கட்டத்துல இல்லேன்னா, டாக்டர் குறைச்சிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவளுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. அப்படிச் சொல்லியிருப்பாள் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த வாக்கியம் அவளுடையதுதான்; அதன் தொனிகூட அவளுக்குக் கேட்டது. இடது கை அவள் பக்கம் இருந்தது. அதை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் கை கனமாக, சொன்னபடி கேட்காததாக இருந்தது. அவர் அவள் தலையைத் தொடப் பார்த்தார். வலது கையில் குழாய் குத்தியிருந்ததால் எட்டவில்லை.

"அவன்கிட்ட இதச் சொல்லாத" என்றார். "ஏற்கெனவே முகம் செத்துப் போய்க் கெடக்கான்."

அவள் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அன்று ஆறரை மணிக்கு நாத்தனார் வந்து அவர்களை வீட்டுக்கு அனுப்பினாள். வண்டி நிறுத்தும் இடத்தில் கணவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் உட்கார்ந்தான். அவள் பின்னால் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர்கள் மருந்து, சாப்பாடு, சாவி தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. இனியும் ஒன்றை உள்ளே வைத்துப் பூட்டினால் இந்த வீடு தாங்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"மாமா என்கிட்ட கேக்க வந்திருக்காரு. நான் தாள் குடுத்த அந்த ஞாயித்துக்கிழமை. கட்டம் ஏன் காலியா இருக்குன்னு. நான்தான் கையக் காட்டி அனுப்பியிருக்கேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. சொல்லாம இருக்க முடியல."

அவன் வண்டியைக் கிளப்பவில்லை. ஒரு ஆம்புலன்ஸ் பின்னோக்கி நகர்ந்து, அவர்களைக் கடந்து, வாசலில் போய் நின்றது.

"என்கிட்டயும் வந்தாரு" என்றான்.

"என்ன?"

"அந்த வாரம் செவ்வாய்க்கிழமை. நான் ஷூ மாட்டிக்கிட்டிருந்தேன். கையில அந்தத் தாளோட வந்து நின்னாரு. 'இதுல ஒண்ணு...'ன்னு ஆரம்பிச்சாரு. எங்கயோ லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சுன்னு போன் வந்துருச்சு. மாத்திரை விஷயமெல்லாம் அவகிட்ட கேளுங்கப்பான்னு சொல்லிட்டு ஓடிட்டேன். தாளை நான் பாக்கக்கூட இல்ல." அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் முழுக்க ஈரமாக இருந்தது. "அன்னைக்கு டாக்டர் கேட்டப்போ அதான் மண்டையில ஓடுச்சு. அதான் மறந்துட்டாருன்னு வாயில வந்துருச்சு. உன்னைக் காப்பாத்தறதுக்கு இல்ல. என்னைக் காப்பாத்திக்க."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வருவதற்கு உள்ளே இடமில்லாமல் இருந்தது. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு மனிதர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரிடமும் போயிருக்கிறார். பிறகு நாற்காலிக்குத் திரும்பிப் போய்ப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்.

"உங்களுக்குத் தெரியுமா, நீங்க அப்படிச் சொன்னது அவருக்குக் கேட்டுச்சுன்னு?" என்று கேட்க வந்தவள், அது கேள்வியே இல்லை என்று விட்டுவிட்டாள். கேட்டது. அவருக்கு எல்லாமே கேட்டது.

"மேல அப்பாகிட்ட போயிட்டு வர்றேன்" என்றான் அவன்.

"நானும் வரவா?"

"வேணாம். நான் மட்டும் போறேன்."

அவன் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தான். லிஃப்டுக்கு நிற்காமல் படிக்கட்டின் பக்கம் திரும்பினான். நான்கு மாடி ஏற வேண்டும். அவள் பைக்கில் சாய்ந்துகொண்டு, படிக்கட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றிலும் அவன் தலை தெரிந்து மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது மாடி ஜன்னலில் அவன் சற்று நேரம் அசையாமல் நின்றான். பிறகு மேலே ஏறினான்.